தடத்திற்கேற்ற பந்து

பேரங்காடியின் மேல்மாடியில் இருக்கும் போலிங் நிலையத்திற்கு நீங்கள் குடும்பத்தோடு சென்றிருக்கலாம். காலணியை மாற்றிக்கொண்டு, தட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பந்துகளுள் விரல் நுழையும் ஒன்றை எடுத்து உருட்டியிருப்பீர்கள். நிறம் பிடித்திருந்தால் போதும்; பந்து அதிகம் கனக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அதே வேளையில் பக்கத்துத் தடத்தில் ஒருவர் சக்கரம் வைத்த பெரிய பையை இழுத்துக்கொண்டு வந்து, அதிலிருந்து மூன்று, நான்கு பந்துகளை எடுத்து வரிசையாக வைப்பதைக் கண்டிருக்கக்கூடும். எல்லாப் பந்துகளும் ஒரே அளவு. எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு எதற்கு இத்தனை?

நான் எங்கள் பள்ளியின் போலிங் குழுவுக்குப் பொறுப்பாசிரியராக நியமிக்கப்பட்டபோது எனக்கும் இதே கேள்வி எழுந்தது. வசதியுள்ளவர்களின் பகட்டு என்றுகூட நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவள் எங்கள் குழுவில் இருந்த நான்காம் படிவ மாணவி ஒருத்தி. அவளுடைய தந்தை லாரி ஓட்டுநர். பல மாதங்கள் மிகைநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் மகளுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்தார். கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரிய வளைவைத் தரும் பந்து அதுதான் என்று சொல்லி விற்றார்களாம். பயிற்சிக்குச் செல்லும் நிலையத்தில் அந்தப் பந்து அற்புதமாக வேலை செய்தது. ஆட்டத்திற்கு 170, 180 புள்ளிகள் எனக் குவித்தாள். ஆனால், வேறு நகரில் நடந்த போட்டியில் முதல் ஆட்டத்தில் அவளுக்குக் கிடைத்தவை 118 புள்ளிகள். இரண்டாம் ஆட்டத்திலும் ஏறக்குறைய அதே நிலைதான்.

“டீச்சர், என் பந்து பழுதாகிவிட்டதா?” என்று கேட்டாள். பந்தில் ஒரு கீறல்கூட இல்லை. மாறியிருந்தது தடம்.

போலிங் தடத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வோம். வீசும் இடத்தில் இருக்கும் எல்லைக்கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி, அதாவது ஏறத்தாழ 18.3 மீட்டர். அகலம் ஒரு மீட்டரைவிடச் சற்று அதிகம். அந்த அகலத்தில் 39 பலகைகள் நீளவாக்கில் அடுத்தடுத்து இருக்கும். இப்போது பல நிலையங்களில் உண்மையான மரப்பலகைகள் இல்லை; செயற்கைத் தளத்தின்மேல் பலகைகளைப் போன்ற கோடுகள் மட்டுமே தெரியும். இருந்தாலும் ஆட்டக்காரர்கள் அவற்றைப் பலகை என்றே எண்ணுகிறார்கள். வலக்கை ஆட்டக்காரர் வலப்பக்கத்து ஓரப் பள்ளத்திலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்குவார். கோட்டிலிருந்து ஏறக்குறைய 15 அடி தொலைவில் ஏழு அம்புக்குறிகள் இருக்கும். கைதேர்ந்தவர்கள் பின்களைப் பார்த்து வீசுவதைவிட அந்த அம்புக்குறிகளைப் பார்த்து வீசுவதே அதிகம்.

இவையெல்லாம் கண்ணால் காணக்கூடியவை. காண முடியாத ஒன்று அந்தத் தடத்தின்மேல் இருக்கிறது. அதுதான் எண்ணெய்.

ஒவ்வொரு தடத்தின்மீதும் இயந்திரத்தின் உதவியோடு மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசப்படுகிறது. ஒரு தடத்திற்கு ஏறக்குறைய 20 முதல் 30 மில்லிலிட்டர் எண்ணெய் போதும். சமையலறைத் தேக்கரண்டியால் அளந்தால் ஐந்து கரண்டி அளவு. அந்தச் சிறிதளவு எண்ணெய் 18 மீட்டர் நீளத் தடத்தின் பெரும்பகுதியில் பரவியிருக்கிறது என்றால், அதன் மென்மையை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். மரத்தடங்கள் இருந்த காலத்தில், பந்து உராய்ந்து மரம் தேய்ந்துவிடாமல் காப்பதற்காக எண்ணெய் பூசத் தொடங்கினார்கள். காலப்போக்கில் அந்தப் பாதுகாப்புப் பூச்சு ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே மாறிவிட்டது. பொதுவாகத் தடத்தின் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் இருக்கும். கடைசி 20 அடி காய்ந்திருக்கும்.

மழை நாளில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் ஈரத் தரையில் நீங்கள் நடந்திருப்பீர்கள். ஈரமான இடத்தில் காலணி வழுக்கும். காய்ந்த இடத்தை அடைந்ததும் ‘சட்’டெனப் பிடித்துக்கொள்ளும். பந்துக்கும் இதுவே நிகழ்கிறது. பயிற்சி பெற்ற ஆட்டக்காரர் பந்தை விடும்போது விரல்களால் அதைப் பக்கவாட்டில் சுழற்றிவிடுகிறார். எண்ணெய் இருக்கும் பகுதியில் உராய்வு மிகக் குறைவு. ஆகையால், பந்து சுழன்றுகொண்டே வீசிய திசையில் வழுக்கிச் செல்கிறது. எண்ணெய் முடியும் இடத்தில் உராய்வு கூடுகிறது, சுழற்சி தடத்தைப் பற்றிக்கொள்கிறது, பந்து வளைகிறது. வளைந்து முடித்தபின் நேராக உருண்டு பின்களைத் தாக்குகிறது. வழுக்கல், வளைவு, உருளல் ஆகிய மூன்று நிலைகளும் ஏறக்குறைய இரண்டரை விநாடிக்குள் முடிந்துவிடும்.

பந்து ஏன் வளைய வேண்டும், நேராகச் சென்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். முக்கோணமாக நிற்கும் பத்துப் பின்களையும் ஒரே வீச்சில் சாய்ப்பது ‘ஸ்டிரைக்’ எனப்படும். வலக்கை ஆட்டக்காரருக்கு அதற்கான நுழைவாயில், முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடைப்பட்ட இடைவெளி. ஒவ்வொரு பின்னும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் எடை கொண்டது. பந்தின் எடை 16 பவுண்டுக்கு, அதாவது 7.26 கிலோகிராமுக்கு மேற்படக்கூடாது. மாணவர்கள் பயன்படுத்துவது அதைவிடக் குறைவாகவே இருக்கும். நேராக வரும் பந்து முதல் பின்னில் பட்டதும் எளிதாக விலகி ஓடிவிடும்; நடுவில் நிற்கும் ஐந்தாம் பின் தப்பித்துக்கொள்ளும். வளைந்து, சாய்வாக நுழையும் பந்து விலகாமல் உள்ளே ஊடுருவிச் செல்லும். சரியான ஸ்டிரைக்கில் பந்து தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டுமே. மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளிச் சாய்த்துவிடுகின்றன. இதற்கு ஏற்ற நுழைவுக் கோணம் ஏறக்குறைய 6 பாகை. இவ்வளவு சிறிய கோணத்திற்காகத்தான் பந்துகளில் இத்தனை வகை.

எண்ணெய் எல்லாத் தடங்களிலும் ஒரே மாதிரியாகப் பூசப்பட்டிருந்தால் ஒரு பந்தே போதும். ஆனால், அப்படிப் பூசுவதில்லை. பொதுமக்கள் விளையாடும் நிலையங்களில் தடத்தின் நடுவில் அதிக எண்ணெயும் ஓரங்களில் மிகக் குறைந்த எண்ணெயும் இருக்கும். நடுப்பகுதியின் எண்ணெய் ஓரத்தைப்போல் பத்து மடங்கு வரைகூட இருக்கலாம். இதில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. பந்து சற்று வெளியே போய்விட்டால், ஓரத்துக் காய்ந்த பகுதி அதைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும். சற்று உள்ளே போய்விட்டால், நடுவிலிருக்கும் எண்ணெய் அதை அதிகம் வளையவிடாமல் தாங்கிக்கொள்ளும். தவறாக வீசியவரும் ஓரளவு சரியாக வீசியவர் ஆகிவிடுகிறார். வார இறுதியில் விளையாட வருபவர்கள் மகிழ்ச்சியோடு வீடு திரும்ப வேண்டும் என்பது நிலையத்தாரின் எண்ணம். அதில் தவறொன்றும் இல்லை.

போட்டித் தடங்களில் இந்தச் சலுகை பெருமளவு குறைக்கப்படுகிறது. நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடு மூன்று மடங்கு அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். எண்ணெயின் நீளமும் போட்டிக்குப் போட்டி மாறும். 35 அடி அளவில் முடிந்தால் அது குட்டையான பூச்சு; 42 அடியைத் தாண்டினால் நீளமானது. அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டிகளில் இந்தப் பூச்சுகளுக்கு விலங்குகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். குட்டையானதற்குச் சிறுத்தை, நீளமானதற்குச் சுறா. பெயரைக் கேட்டாலே ஆட்டக்காரர்கள் எந்தப் பந்தை எடுப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்களாம்.

பூச்சின் நீளம் தெரிந்தால் பந்து எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. நீளத்திலிருந்து 31-ஐக் கழிக்க வேண்டும். 40 அடிப் பூச்சு என்றால் விடை 9. எண்ணெய் முடியும் இடத்தில் பந்து ஓரத்திலிருந்து ஒன்பதாவது பலகைக்கு அருகே இருப்பது நல்லது. 35 அடி என்றால் நான்காவது பலகை. ஓரப் பள்ளத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு போக வேண்டும். 45 அடி என்றால் பதினான்காவது பலகை. அவ்வளவு வெளியே போகத் தேவையில்லை. காரணம் எளிது. எண்ணெய் குட்டையாக இருந்தால் காய்ந்த பகுதி நீளமாக இருக்கும்; பந்து நிறைய வளையும்; ஆகவே தொலைவிலிருந்து வர வேண்டும். இது துல்லியமான சூத்திரம் அன்று. எங்கே தொடங்கிப் பார்க்கலாம் என்பதற்கான வழிகாட்டி மட்டுமே.

இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் பூசிய எண்ணெய் மதியம் வரை அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு பந்தும் தான் செல்லும் வழியிலுள்ள எண்ணெயில் கொஞ்சத்தைத் துடைத்து எடுத்துச் செல்கிறது. இரண்டு, மூன்று ஆட்டங்கள் முடிந்தபின் அனைவரும் பயன்படுத்திய பாதை காய்ந்துவிடும். முதல் ஆட்டத்தில் ஒழுங்காக வளைந்த பந்து, நான்காம் ஆட்டத்தில் அவசரப்பட்டு வளைந்து முதல் பின்னின் முகத்தில் மோதும். ஒரே நாளில், ஒரே தடத்தில், ஆட்டக்காரர் இரண்டு வேறு தடங்களைச் சந்திக்கிறார் என்றே சொல்லலாம்.

இனிப் பந்துக்கு வருவோம். தொடக்கக் காலத்தில் போலிங் பந்துகள் உறுதியான மரத்தால் செய்யப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பந்துகள் வந்தன. பிறகு பாலியெஸ்டர் எனப்படும் பிளாஸ்டிக் பந்துகள் பரவலாயின. 1980-களின் தொடக்கத்தில் யூரித்தேன் பந்துகளும் 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்துகளும் அறிமுகமாயின. இந்தக் கடைசி வகைதான் ஆட்டத்தையே மாற்றியது. அதன் மேலுறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவை எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் பந்து தடத்தை வலுவாகப் பற்றுகிறது. பிளாஸ்டிக் பந்து எண்ணெயை உறிஞ்சாது, உராய்வும் குறைவு, ஏறக்குறைய நேராகவே செல்லும். யூரித்தேன் இரண்டுக்கும் இடைப்பட்டது. அது சீக்கிரமே வளையத் தொடங்கினாலும், திடீரெனத் திரும்பாமல் நிதானமாக வளையும்.

மேலுறை எந்தப் பொருளால் ஆனது என்பதைப் போலவே அது எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்பதும் முக்கியம். பந்துகளின் மேற்பரப்பை மணல்தாள் போன்ற தட்டுகளால் தேய்த்துச் சீர்செய்வார்கள். 500, 1000, 2000, 4000 என அவற்றுக்கு எண்கள் உண்டு. எண் சிறியதாக இருந்தால் பந்து மங்கலாகவும் சொரசொரப்பாகவும் ஆகும். எண்ணெயினூடே கீழிறங்கித் தடத்தைப் பிடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. எண் பெரியதாக இருந்தாலோ, மெருகூட்டினாலோ பந்து பளபளக்கும். நீண்ட தூரம் வழுக்கிச் சென்று தாமதமாக வளையும். மழைக்காலத்தில் நல்ல பள்ளங்கள் உள்ள சக்கரமும் தேய்ந்த சக்கரமும் சாலையில் எப்படி வெவ்வேறாக நடந்துகொள்கின்றனவோ, ஏறக்குறைய அப்படித்தான்.

பந்துக்குள் ஓர் உட்கருவும் இருக்கிறது. அது பம்பரம் போலவும் மின்விளக்கு போலவும் பல வடிவங்களில் அமைந்திருக்கும். பந்து எப்போது சுழலத் தொடங்கும், எவ்வளவு கூர்மையாகத் திரும்பும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. கடைகளில் உட்கருவின் படத்தைப் பெரிதாகக் காட்டி விளம்பரம் செய்வார்கள். புதிதாக விளையாடுபவர்கள் அந்தப் படங்களில் மயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பந்தின் போக்கை முதலில் முடிவு செய்வது மேலுறையும் அதன் சொரசொரப்புமே.

இப்போது பையில் என்னென்ன பந்துகள் இருக்க வேண்டும் என்று பார்க்கலாம். பலரும் நினைப்பதுபோல், நான்கு பந்துகள் என்பவை ஒன்றைவிட ஒன்று ‘சிறந்த’ பந்துகள் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டவை. நான்கு பெரிய கத்திகளை வைத்திருக்கும் சமையலறையில் வெங்காயத் தோலை உரிப்பது கடினம்தானே?

முதலில் வாங்க வேண்டியது, கடையில் யாரும் புகழ்ந்து பேசாத மலிவான பிளாஸ்டிக் பந்து. இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அது வளையாது, வேகமாகத் திரும்பிப் பின்களைச் சிதறடிக்காது. ஆனால், ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் பத்துக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் முதல் வீச்சில் ஒன்பது பின்களைச் சாய்க்கிறார். மிஞ்சிய ஒன்றைத் தவறவிடுகிறார். அவருக்கு மொத்தம் 90 புள்ளிகள். இன்னொருவரும் முதல் வீச்சில் ஒன்பதையே சாய்க்கிறார். ஆனால், மிஞ்சிய ஒன்றை இரண்டாம் வீச்சில் சாய்த்துவிடுகிறார். இது ‘ஸ்பேர்’ எனப்படும். ஸ்பேர் எடுத்தால் அடுத்த வீச்சின் புள்ளிகளும் அந்தக் கட்டத்தில் சேரும். ஆகவே, ஒவ்வொரு கட்டத்திற்கும் பத்தும் ஒன்பதும் சேர்ந்து 19 புள்ளிகள். கடைசிக் கட்டத்தில் கிடைக்கும் கூடுதல் வீச்சிலும் அவர் ஒன்பதைச் சாய்த்தால் மொத்தம் 190. ஒரு ஸ்டிரைக்கூட எடுக்காமலே நூறு புள்ளிகள் அதிகம்!

வலக்கை ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் தொல்லை கொடுப்பது வலது மூலையில் நிற்கும் பத்தாம் பின். அதை நோக்கி வளையும் பந்தை வீசினால், அது போகும் வழியில் இடப்பக்கம் திரும்பிப் பின்னைத் தொடாமலே சென்றுவிடும். பிளாஸ்டிக் பந்துக்கு எண்ணெய் இருந்தாலும் ஒன்றுதான், காய்ந்திருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த ஊரில் விளையாடினாலும் அது நேராகச் செல்லும் என்று நம்பலாம். எங்கள் மாணவி அந்தப் போட்டியின் முதல் மூன்று ஆட்டங்களில் மட்டும் மூலையில் நின்ற ஒற்றைப் பின்னைப் பதினொரு முறை தவறவிட்டிருந்தாள். புள்ளித்தாளை வைத்து அவளும் நானும் பின்னர் எண்ணிப் பார்த்தோம். பயிற்சி நிலையத்திலும் அவள் அதைத் தவறவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அடுத்தடுத்து விழுந்த ஸ்டிரைக்குகள் அந்தக் குறையை மறைத்துவிட்டன.

இரண்டாவது, நடுத்தரமான ஒரு ரியாக்டிவ் பந்து. அதிகமாகவும் வளையாது, குறைவாகவும் வளையாது. போட்டித் தடத்தில் முதலில் வீசிப் பார்க்க வேண்டியது இதைத்தான். அது எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வளைந்தால் தடம் காய்ந்திருக்கிறது எனத் தெரிந்துகொள்ளலாம். வளையாமல் வழுக்கிக்கொண்டே போனால் எண்ணெய் அதிகம். மருத்துவரின் கையிலுள்ள வெப்பமானி போல, அது தடத்தின் நிலையைச் சொல்லும். ஒரு பந்தின் குணத்தை நன்கு அறிந்தவருக்குத்தான் மற்றப் பந்துகள் எதற்கு என்பது புரியும். அதற்குப் பல மாதங்கள் அந்த ஒரே பந்தோடு பழக வேண்டும்.

மூன்றாவது, மங்கலான மேலுறையுள்ள வலுவான பந்து. புதிதாக எண்ணெய் பூசிய, நீளமான பூச்சுள்ள தடங்களில்தான் அதற்கு வேலை. நான்காவது, அதற்கு எதிரானது: மெருகூட்டப்பட்ட பந்து அல்லது யூரித்தேன் பந்து. தடம் காய்ந்தபின் மெருகூட்டிய பந்து கைகொடுக்கும். குட்டையான பூச்சில் பலர் யூரித்தேனை நாடுவார்கள். உலக அளவில் விளையாடுபவர்கள் இவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளுக்கும் பந்து வைத்திருப்பார்கள். நம் நாட்டின் முகமது ரஃபிக் இஸ்மாயில் 2018-இல் ஹாங்காங்கில் நடந்த உலக ஆடவர் போட்டியில் மாஸ்டர்ஸ் பிரிவில் தங்கம் வென்றார். அதே ஆண்டு சின் லி ஜேன் உலகக் கிண்ணத்தை வென்றார். அத்தகையவர்களுக்குப் பல பந்துகள் தேவை. பள்ளி மாணவர்களுக்கு இரண்டு போதும்; மூன்று இருந்தால் தாராளம்.

வீசுபவருக்குப் பொருந்தாத பந்து எந்தத் தடத்திலும் உதவாது. போலிங் பந்தின் துளைகள் அவரவர் கையை அளந்து போடப்படுகின்றன. கட்டைவிரலுக்கும் மற்ற இரு விரல்களுக்கும் உள்ள இடைவெளி சிறிது பிசகினாலும் பந்தை இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும், மணிக்கட்டு வலிக்கும். உங்கள் வயதில் கை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறையாவது அளவைச் சரிபார்ப்பது நல்லது. தேவைப்பட்டால் பழைய துளைகளை அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையிடலாம். ஒரே நேரத்தில் நான்கு பந்துகள் வாங்கியவர் நான்கிலும் துளைகளை மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவையும் பெற்றோர்தான் ஏற்க வேண்டும்.

‘பந்து ஒன்றுதானே, தடத்தைப் பார்த்து அங்கேயே தேய்த்துக்கொள்ளலாமே’ என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால், ஆட்டம் தொடங்கியபின் மணல்தாள் கொண்டு பந்தின் மேற்பரப்பை மாற்றப் போட்டி விதிகள் இடம்தருவதில்லை. அதற்கு முன்பே தேய்த்து வைத்திருக்க வேண்டும். துணியால் துடைக்கலாம், துடைக்கவும் வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் பந்தின்மேல் வளையம் வளையமாக எண்ணெய் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் மீண்டும் வீசினால் பந்தின் பிடிப்பு குறையும். ஆட்டங்கள் முடிந்ததும் அதற்கென உள்ள திரவத்தால் சுத்தம் செய்தால் பந்து நீண்ட நாள் உழைக்கும். நம் நாட்டு வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் பந்தை விட்டுவைக்காதீர்கள். வெப்பத்தால் அது வெடித்துவிட்டால் சரிசெய்வது எளிதன்று.

பந்தை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய செலவில்லாத செயல் ஒன்று உண்டு. அது நிற்கும் இடத்தை மாற்றுவது. வலக்கை ஆட்டக்காரரின் பந்து அதிகமாக வளைந்து முதல் பின்னின் இடப்பக்கம் போனால், கால்களை இரண்டு பலகை இடப்பக்கம் நகர்த்தி, குறியையும் சற்று நகர்த்தி வீச வேண்டும். பந்து எண்ணெய் மிகுந்த பகுதியைச் சந்திப்பதால் வளைவு தாமதமாகும். வளைவு போதவில்லை என்றால் வலப்பக்கம் நகர வேண்டும். இடக்கை ஆட்டக்காரருக்கு எல்லாம் நேர்மாறு. இப்படி நகர்ந்து நகர்ந்து பார்த்தும் பந்து பின்களை அடையும் முன்பே சோர்ந்துபோனாலோ, திரும்பாமலே சென்றாலோ, அப்போதுதான் பைக்குள் கைவிட வேண்டும். என் மாணவர்களுள் சிலர் ஒரு வீச்சு தவறியதும் பந்தை மாற்றிவிடுகிறார்கள். தவறியது தடத்தாலா, தங்கள் கையாலா என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

எங்கள் மாணவிக்கு நேர்ந்தது என்ன என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அவள் பயிற்சி செய்த நிலையத்தில் நடுவில் எண்ணெய் அதிகம். அவளுடைய வலுவான பந்து ஓரத்தில் திரும்பி உள்ளே வந்ததும், நடுவிலிருந்த எண்ணெய் அதை அளவோடு நிறுத்தியது. போட்டித் தடத்தில் எண்ணெய் 35 அடியில் முடிந்தது. நடுவிலும் ஓரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. பந்து முன்னதாகவே திரும்பியது. தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. “இந்தப் பந்து 45 அடி எண்ணெய்க்குச் செய்தது. பந்தின்மேல் தவறில்லை, உன்மேலும் தவறில்லை” என்று பயிற்றுநர் அவளிடம் சொன்னார். அவள் அழவில்லை. ஆனால், வீடு திரும்பும் பேருந்தில், “அப்பாவிடம் எப்படிச் சொல்வது, டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள். புதுப் பந்து வாங்கித்தரச் சொல்லிக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

புதுப் பந்து வாங்கவும் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்துச் சென்ற மூத்த மாணவி ஒருத்தி தன் பழைய பிளாஸ்டிக் பந்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாள். துளைகளை அடைத்து, இவள் கைக்கு ஏற்பப் புதிதாகத் துளையிட்டார்கள். வலுவான பந்தின் மேற்பரப்பை 4000 எண் தட்டால் தேய்த்து மெருகூட்டினார்கள். அது முன்போல் அவசரப்பட்டு வளையாமல், சற்று நடுத்தரமான பந்தாக மாறியது. இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு, புதுப் பந்து ஒன்றின் விலையில் சிறு பகுதிதான். அந்த ஆண்டு முழுவதும் பயிற்சியின் முதல் அரைமணி நேரத்தை அவள் பத்தாம் பின்னுக்கே ஒதுக்கினாள். அதைப் பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். அவளுக்கும் சலிப்பாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு முன்தினம் எண்ணெய்ப் பூச்சின் விவரத்தை ஏற்பாட்டாளர்கள் ஒட்டினார்கள். 42 அடி. தாளைப் பார்த்தவள் உதட்டுக்குள் கணக்கிட்டு, “பதினொன்று” என்றாள். மறுநாள் முதல் மூன்று ஆட்டங்களும் அமைதியாகச் சென்றன. அவளுடைய தந்தை லாரி நிறுவனத்தின் சட்டையோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார். நான்காம் ஆட்டத்தின் நடுவில் பந்து முதல் பின்னின் முகத்தில் மோதத் தொடங்கியது. தடம் காய்ந்துவிட்டது. அவள் பந்தை மாற்றவில்லை. இரண்டு பலகை இடப்பக்கம் நகர்ந்து நின்றாள். வீசினாள். ஒன்பது பின்கள் சரிந்தன. வலது மூலையில் பத்தாவது மட்டும் ஆடாமல் நின்றது.

பின்வரிசையில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பந்தைத் தூக்கினாள். அது கோடு போட்டதுபோல் தடத்தின் குறுக்கே நேராக ஓடி, மூலையில் நின்ற பின்னைத் தட்டிவிட்டது. மேலே இருந்த திரையில், அந்தக் கட்டத்தில், ஸ்பேருக்கான சாய்கோடு விழுந்தது.